‘ஆமா சார், ஓடல’

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாகக் கோவையிலிருந்து கொரியப் பிள்ளைகளுக்கு வீடியோ வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு 25 நிமிடம். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி காதில் விழக்கூடாது என்பது நிறுவனத்தின் முதல் விதி. பிள்ளை கொரியனில் கேட்டால் புரியாத மாதிரி இருக்கவேண்டும். எனக்கோ சீரியல் பார்த்துப் பார்த்துக் கொரியன் ஓரளவு வரும். போன வாரம் பத்து வயதுப் பெண் ஒருத்தி ‘மொரி அப்பாயோ’ என்றாள். தலை வலிக்குது என்று அர்த்தம். விதிப்படி ‘இங்கிலீஷ்ல சொல்லு’ என்றேன். கேமராவை அணைத்துவிட்டாள்.

இந்த விதி சரிதானா? அமெரிக்க உச்சரிப்பு வேண்டும் என்றும் நெருக்குகிறார்கள். தமிழும் கொரியனும் உறவு மொழிகள் என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் பேத்தியின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கட்டளை வந்திருந்தது. வீட்டிலும் பிள்ளையோடு ஆங்கிலத்திலேயே பேசவேண்டுமாம். படிப்பது யுகேஜி. அந்த எரிச்சலில் இருந்தவனிடம் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சில்லறையை முதலில் தீர்த்துவிடுகிறேன். உறவு மொழிக் கதையைச் சொல்லாதீர்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதிப் பார்த்தார். மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அவர்களும் ‘அப்பா’ என்கிறார்கள் என்பதற்காக நாம் சம்பந்தம் பேசக் கிளம்பிவிடுகிறோம். ஜாடை ஒத்துப்போவது வேறு, ஒரே வயிற்றில் பிறப்பது வேறு. ஜாடையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, வருகிறேன்.

உச்சரிப்பா? 2008 ஜனவரியில், லீ ம்யூங்-பாக் தென் கொரிய அதிபராகப் பதவியேற்பதற்கு முன் அமைந்த குழுவின் தலைவி, அமெரிக்காவில் ஆரஞ்சை ‘ஓரெஞ்ஜி’ என்றால் ஒருவருக்கும் புரியவில்லை, ‘ஓர்யுன்ஜி’ என்றதும் புரிந்தது என்று சொல்லிவைத்தார். ஊரே சிரித்தது. மற்ற பாடங்களையும் ஆங்கிலத்தில் நடத்தும் அந்தக் குழுவின் திட்டமும் எதிர்ப்பில் கரைந்தது. உங்கள் கோயம்புத்தூர் ஆங்கிலம் தெளிவாக இருந்தால் போதும்.

இனி விதி. இது எங்கே முளைத்தது தெரியுமா? பெர்லிட்ஸ் என்ற மொழிப் பள்ளிகளில் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1878, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரம். மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஓர் உதவியாளரை வரவழைக்கிறார். வந்தவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. அதற்குள் பெர்லிட்ஸ் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். அந்த மனிதர் வேறு வழியில்லாமல் பொருளைக் காட்டி, கையை ஆட்டி, பிரெஞ்சிலேயே ஒப்பேற்றுகிறார். சில வாரம் கழித்துப் பெர்லிட்ஸ் எழுந்து வந்து பார்த்தால் மாணவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! வாத்தியாருக்கு மாணவனின் மொழி தெரியாததால் வந்த ஏற்பாடு, பிறகு முறை என்று பெயர் வாங்கிக்கொண்டது. கொரியாவிலும் அப்படித்தான். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக்காரர்களை மையமாக வைத்துத்தான் மொழி ஆசிரியர் விசா. வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கொரிய மொழி தெரியாது. தெரியாதவர் புரியாத மாதிரி இருப்பதில் என்ன கஷ்டம்? தெரிந்த நீங்கள் ஏன் நடிக்கவேண்டும்?

நானும் நடித்திருக்கிறேன். 1999. இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார் தொழிற்சாலை வந்து, சான்ட்ரோ சாலையில் ஓட ஆரம்பித்த புதிது. சென்னைக்குக் கொரியக் குடும்பங்கள் வரத் தொடங்கியிருந்தன. கீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சாயங்காலம் போய் ஒன்பது வயதுப் பையனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். என்னை அனுப்பிய டுடோரியலிலும் இதே விதிதான்.

“டிடின்ட் யூ டூ யுவர் ஹோம்வொர்க்?” என்பேன். “யெஸ்” என்பான், முகத்தை நேராகப் பார்த்து. நோட்டைத் திறந்தால் வெள்ளைத்தாள். மறுநாளும் அதே. மூன்றாவது நாள், பையன் பொய் சொல்கிறான் என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் அவனை அடிக்கவில்லை. என் முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பையன் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான்.

நாலாம் நாள் போகிறேன், லிஃப்ட் கதவு திறந்தபடி கிடக்கிறது. “லிஃப்ட் ஓடலையா?” என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். “ஆமா சார், ஓடல” என்றார். படி ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. ஆமா, ஓடல. யெஸ், ஐ டிடின்ட்.

பையன் பொய்யே சொல்லவில்லை. ‘செய்யலையா?’ ‘ஆமா, செய்யலை.’ கொரிய மொழியிலும் அப்படித்தான்: ‘நே, அன் ஹெஸ்ஸொயோ.’ நாம் கேட்டவருக்கு ஒத்துப்போகிறோம். ஆங்கிலக்காரர் கேட்டவரை விட்டுவிட்டு நடந்ததைப் பார்க்கிறார், நடக்காவிட்டால் ‘நோ’. நாற்பது வயதில், எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, ஒரு வாட்ச்மேனிடம் இதைக் கற்றேன்.

அன்று விதியை உடைத்தேன். எனக்குத் தெரிந்தது ஆமாம் என்கிற ‘நே’, இல்லை என்கிற ‘அநியோ’ இரண்டும்தான். அதை வைத்துக்கொண்டு அவன் நோட்டைத் திறந்து காட்டினேன். எழுத்து இருக்கிறதா, யெஸ். வெள்ளைத்தாளா, நோ. சார் எப்படிக் கேட்டாலும் சாரைப் பார்க்காதே, நோட்டைப் பார். ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். பிறகு அவன் அம்மாவைக் கூப்பிட்டு, தப்பு என் பேரில் என்றேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, மறுபடியும் குனிந்தாள்.

அதற்குப் பிறகு பார்க்கப் பார்க்க ஜாடை தெரிந்துகொண்டே இருந்தது. ஒற்றைப் பிள்ளை, ஆனால் ‘அவர் (our) மதர்’ என்பான். டுடோரியல் புத்தகப்படி ‘மை’ என்று அடித்துத் திருத்தவேண்டும். அவன் மனதில் இருப்பது ‘உரி ஒம்மா’, நம்முடைய ‘எங்க அம்மா’ அச்சு அசல். நாம் எந்த நாளில் ‘என் அம்மா’ என்றோம், சினிமாவில் அழும்போது தவிர? இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டும், ஆங்கிலத்தின் ‘தி’யும் ‘எ’யும் கிடையாது. எஃப் உதட்டில் நிற்காது, நாம் காப்பி என்கிறோம், அவர்கள் கொப்பி என்கிறார்கள். நாம் பஸ்ஸுக்கு ஒரு உகரம் சேர்த்தால் அவர்கள் ‘பொஸு’ என்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் எங்கெங்கே தடுக்கி விழுவார்கள் என்று உங்களுக்கு முழங்காலிலேயே தெரியும். நீங்களும் அங்கேதான் விழுந்திருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஓஹையோவிலிருந்து வந்தவர் அங்கே விழுந்ததே இல்லை.

இன்னொன்று. கடையில் ‘சர்வீஸ்’ கொடுத்தார்கள் என்று பிள்ளை சொன்னால் இலவசமாக ஏதோ கொடுத்தார்கள் என்று அர்த்தம். நண்பன் ‘கன்னிங்’ செய்தான் என்றால் பரீட்சையில் காப்பி அடித்தான். இவையெல்லாம் ஆங்கில உடுப்பு மாட்டிய கொரியச் சொற்கள். புரியாத மாதிரி இருக்கிற வாத்தியார் இதை எப்படிப் பிடிப்பார்?

இதைப் படித்துவிட்டு வகுப்பைக் கொரிய மொழியில் நடத்தக் கிளம்பாதீர்கள். ‘ஓரளவு வரும்’ என்று எழுதியிருக்கும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. சீரியலில் கற்ற மொழியைக் காட்டிக்கொள்ள அந்தப் பெற்றோர் காசு கட்டவில்லை. அங்கே மூன்றாம் வகுப்பில்தான் பள்ளி ஆங்கிலம் தொடங்குகிறது, வாரத்துக்கு 40 நிமிடத்தில் இரண்டே பாடவேளை. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் காதில் விழுகிற நேரமே கொஞ்சம். 25 நிமிடத்தில் 24 ஆங்கிலத்துக்கே. மீதி ஒன்று, அவள் முட்டி நிற்கும் இடத்தில். ஊமையாய் இருப்பது கண்டிப்பு ஆகாது அம்மா, கண்டிப்புக்கு வேறு இடம் இருக்கிறது.

தலைவலிக்கே வாருங்கள். மொரி என்றால் தலை, அப்பாயோ என்றால் வலிக்கிறது. நமக்கும் தலைதான் வலிக்கும். ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’, வலியைச் சொத்து மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு ‘எ’ வேறு. ‘மொரி?’ என்று நீங்கள் ஒரு சொல் கேட்டுவிட்டு இந்த வாக்கியத்தை அவள் கையில் கொடுத்திருக்கலாம். வலியோடு கற்ற வாக்கியம் மறக்காது. கொடுத்துவிட்டு, போய்ப் படு என்று வகுப்பை முடித்திருக்கலாம்.

எல்லாம் எழுதினீர்கள். அந்தப் பெண் அடுத்த வகுப்புக்கு வந்தாளா என்று மட்டும் எழுதவில்லையே.