அம்மாயிக்குச் சொல்லாத பதில்

கேள்வி: நான் பவானியைச் சேர்ந்தவள், கோவையில் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பவானி ஜமக்காளத் தொழில் நலிந்ததைப் பற்றி 1,500 சொற்களில் கட்டுரை எழுதி முடித்துவிட்டேன். முன்னுரையை மட்டும் ஒன்பது முறை மாற்றி எழுதியும், மேலே படிக்கத் தோன்றவில்லை என்று பேராசிரியர் திருப்பித் தருகிறார். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, தறிக்குத் தார் (குறுக்கு நூல் சுற்றிய குழல்) சுற்றிக்கொண்டிருந்த அம்மாயி (அம்மாவின் அம்மா) "என்ன கண்ணு எழுதற?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், "உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க அம்மாயி" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதினேன். நல்ல தொடக்க வாக்கியம் ஒன்று சொல்லித் தர முடியுமா?

பதில்: மகளே, தொடக்க வாக்கியம் எதையும் நான் உனக்குத் தரப்போவதில்லை. நீ அனுப்பிய கட்டுரையையும் ஒன்பது முன்னுரைகளையும் படித்த பிறகு, உன் கடிதத்தில் போகிற போக்கில் நீ எழுதியிருக்கும் அம்மாயியின் கேள்வியிடமே நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். முன்னுரை என்பது வேறொன்றுமில்லை, கட்டுரையை இன்னும் படிக்காத ஒருவர் "என்ன எழுதுகிறாய்?" என்று கேட்டால் நீ சொல்ல வேண்டிய பதில்தான் அது. அந்தக் கேள்வியை அப்படியே ஒருவர் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார், அதுவும் பலமுறை கேட்டிருக்கிறார். நீயோ பதில் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு, அதே பதிலை ஒன்பது தாள்களில் தேடியிருக்கிறாய்.

உண்மையைச் சொல், அவருக்குப் புரியாது என்பதனாலா சொல்லவில்லை? குழித்தறியையும் கூலிக் கணக்கையும் வாழ்நாளெல்லாம் பார்த்தவருக்கு ஜமக்காளத்தைப் பற்றி எது புரியாது? என்ன சொல்ல வருகிறோம் என்பது உனக்கே அப்போது தெளிவாக இல்லை என்பதுதான் காரணம். தெளிவில்லாத எழுத்தைப் படிப்பின் ஆழம் என்று எண்ணிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை, விடைத்தாள் திருத்திய காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். உன் முதல் முன்னுரை உலகின் தொன்மையான நாகரிகங்களில் தொடங்கி, சங்க காலத்தில் சற்றுத் தங்கி, காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறைக்கு வந்து சேர்வதற்குள் 300 சொற்கள் தீர்ந்துவிட்டன. நான்காவது, நெசவு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் தருகிறது. மற்றவை "இக்கட்டுரையில் காரணங்கள் ஆராயப்படும்" என்று வாக்குக் கொடுக்கின்றனவே தவிர, ஆராய்ந்து நீ கண்டது என்ன என்பதை ஒன்றுகூடச் சொல்லவில்லை. 1,500 சொற்களுக்கு 150 சொல் முன்னுரை தாராளம். அதற்குள் உன் கேள்வி எது, அது ஏன் கேட்கத் தக்கது, உன் முடிவு என்ன என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். அந்த முடிவும், வேறொருவர் மறுத்துப் பேச இடமுள்ளதாக இருக்க வேண்டும். "கைத்தறி நலிந்து வருகிறது" என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்?

இத்தனைக்கும், நல்ல முன்னுரைக்கு வேண்டியதை உன் நான்காம் பத்தியில் நீயே புதைத்து வைத்திருக்கிறாய். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட 11 வகைத் துணிகளில் ஜமக்காளமும் ஒன்று. அதை விசைத்தறியில் நெய்யக் கூடாது. அந்தப் பெயர் அந்த வட்டாரத்துப் பொருளுக்கே உரியது என்று காக்கும் புவிசார் குறியீடும் பவானி ஜமக்காளத்துக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு காப்புகள் இருந்தும் மலிவான விசைத்தறி விரிப்புகள் பவானியின் பெயரிலேயே சந்தையில் விற்பது ஏன் என்று நீ அங்கே கேட்கிறாய். பெயரைக் காத்தவர்கள் கூலியைக் காக்கவில்லை என்று இறுதிப் பக்கத்தில் பதிலும் சொல்கிறாய். அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும்தான் உன் முன்னுரை. அவற்றை மேலே கொண்டு வா, நாகரிகங்களை வெட்டி எறி. பாவு என்னும் நெடுக்கு நூலைப் பூட்டாமல் ஊடை என்னும் குறுக்கு நூலை ஓட்ட முடியாது என்பது தறிக்குப் பொருந்தும். எழுத்தில் முன்னுரையைக் கடைசியில் எழுதுவதே நல்லது, ஏனென்றால் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் நமக்கே தெரியும். அந்த வகையில் நீ செய்த வரிசை சரியே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை அறிவுரை என்று நீ வெறுத்தாலும் பரவாயில்லை. ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்குப் போகிறாள் என்றால், அவள் கற்றதை வீட்டில் இருப்பவர்களுக்கு விளங்கச் சொல்வது அவளுடைய கடமை என்று நான் நம்புகிறேன். அந்த வீட்டின் உழைப்பையே பாடமாக எடுத்து மதிப்பெண் வாங்கப் போகிறவளுக்கு அந்தக் கடமை இரட்டிப்பாகிறது. அவர்கள் வாழ்க்கை உன் கட்டுரைக்குப் பொருளாகலாம், ஆனால் அவர்கள் அதைக் கேட்கத் தகுதியற்றவர்கள் என்பது என்ன நியாயம்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாளைக் கையில் எடுக்காதே. முதலில் அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேள். பிறகு அவர் தார் சுற்றும் இடத்திலேயே உட்கார்ந்து, நீ எழுதியது என்ன என்பதை ஐந்தாறு வாக்கியங்களில் வாயால் சொல். அவர் "அதெப்படி கண்ணு?" என்று எங்கே மறிக்கிறாரோ, அங்கே உன் வாதத்தில் ஓட்டை இருக்கிறது, எங்கே இராட்டையை நிறுத்திவிட்டு உன் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வாக்கியத்தை முதலில் வை.