பள்ளியை எல்லா மாணவர்களுக்கும் ஏற்றதாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

சக்கர நாற்காலியில் வருபவர், காது மந்தமானவர், பார்வை குறைந்தவர் எல்லாரும் படிக்க உயர்நிலைப் பள்ளியில் முதலில் எதை மாற்றுவது என்பது உங்கள் கேள்வி. அளவு நாடாவோடு வாசலிலிருந்து வகுப்பறை, ஆய்வகம், கழிப்பறை வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.

பெரும்பாலும் சொதப்புவது சாய்தளம்தான். 1:12 சரிவு வேண்டும். அதாவது 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம். இடமில்லை என்று குறுக்கினால் ஏறும்போது நாற்காலி பின்னால் சாயும். சாய்தளம் தரையைத் தொடும் இடத்தில் 2 செ.மீ. விளிம்பு நின்றாலும் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். கதவின் அகலத்தைத் திறந்து வைத்து அளக்க வேண்டும், சட்டத்தை அல்ல, 90 செ.மீ. இருந்தால் நல்லது. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்: உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. துடைப்பம், வாளி வைக்கும் அறையாக அந்தக் கழிப்பறையை மாற்றிவிடாதீர்கள், அது வழக்கமாக நடக்கிறது!

மாடிக்கு மின்தூக்கி இல்லையா? அந்த வகுப்பையே கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடலாம், செலவே இல்லை.

ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் உதட்டசைவைப் படிப்பவருக்குப் பாதிப் பாடம் போய்விடும். எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேச வேண்டும். பார்வை குறைந்தவருக்கு வினாத்தாளைப் பெரிய தாளில் நகலெடுப்பதைவிட, எழுத்தின் அளவை 18 புள்ளியாக (point) வைத்து அச்சிடுவது மேல். பெரிய தாள் மேசையில் அடங்காது.