அப்பப்பாவின் டை பின்னும் லண்டன் ஏலமும்

அன்புள்ள அக்கா,

என் அப்பப்பா கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். போன கிழமை அவருடைய தகரப்பெட்டியைத் துப்புரவாக்கும்போது சிவப்புக் கல் வைத்த ஒரு டை பின்னும் நாலு ஒல்லாந்தர் காலத்துச் செம்புக் காசும் கிடைத்தன. காசுகளைப் புளி போட்டு மினுக்கிவிட்டேன். நகைக்கடையில் பின்னை நிறுத்துப் பார்த்துப் பொன் விலை மட்டும் தரலாம் என்கிறார்கள். லண்டன் மச்சானோ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அனுப்பு, இங்கே ஏலத்தில் நல்ல விலை போகும் என்கிறார். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

முதலில் புளியைத் தூர வையுங்கள். காசு சேர்ப்பவர்கள் செம்பில் படிந்திருக்கும் அந்தக் கறுப்பையும் பழுப்பையும் பார்த்துத்தான் விலை சொல்வார்கள், மினுக்கின காசு என்றால் பேசாமல் திருப்பித் தந்துவிடுவார்கள். சரி, போனது போகட்டும். ஒரு பக்கம் விஓசி (ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி) என்று ஒன்றோடொன்று பின்னின எழுத்தும் மறுபக்கம் கேடயமும் இருந்தால் அவை 18ஆம் நூற்றாண்டில் கணக்கில்லாமல் அடித்த காசுகள், பெரிய விலை வராது. ஆனால் கவரில் போட்டு அனுப்புகிற வேலை மட்டும் வேண்டாம். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் நம் நாட்டுச் சட்டப்படி தொல்பொருள், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. கலாசாரப் பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்த 1988இல் வந்த கலாசார ஆதனச் சட்டமும் இருக்கிறது, அதனால் பின்னையும் கேட்டுவிட்டே அனுப்புங்கள்.

டை பின்னின் கதை வேறு. நகைக்கடைக்காரர் நிறுத்துப் பார்த்தது அவர் தொழில், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தலை பொன்னாகவும் ஊசி வேறு உலோகமாகவும் இருக்கிற பின்கள் நிறைய உண்டு, தராசுக்கு அது தெரியாது. ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். ஊசியில் கொஞ்சத் தூரம் முறுக்கியோ வரி வெட்டியோ இருக்கிறதா? துணியில் இருந்து வழுக்காமல் இருக்கத்தான் அது. தலையும் ஊசியும் சேருகிற இடத்தில் சாம்பல் நிற ஈயப்பற்று தெரிந்தால் யாரோ பிறகு ஒட்டியது, விலை இறங்கும். பழைய பின் தலையைக் கழற்றி மோதிரமாக்குவதும், மோதிரத்துக் கல்லை ஊசியில் ஏற்றுவதும் எங்கும் நடந்ததுதான். அப்புறம் முத்திரை: 15 என்றும் .625 என்றும் இருந்தால் அது பிரித்தானியாவில் 1854க்கும் 1932க்கும் இடையில் புழங்கின 15 காரட் பொன் தரம். பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் தரம் பார்த்து முத்திரை குத்தியது, சிறுத்தைத் தலை என்றால் லண்டனில். முத்திரையே இல்லையென்றால் பொன் இல்லை என்று அர்த்தமில்லை, நம் ஊர்த் தட்டார் செய்ததாகவும் இருக்கலாம், எனக்கு அப்படி இருந்தால்தான் சந்தோஷம்.

சிவப்புக் கல்லைப் பார்த்ததும் மாணிக்கம் என்று கனவு காணவேண்டாம். 1902இல் வெர்னேய் என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பிறகு அது நகைகளில் தாராளமாக ஏறிவிட்டது. உள்ளே வளைந்த கோடுகளும் குமிழிகளும் தெரிந்தால் அதுதான். கண்ணாடியிலும் குமிழி வரும், ஆகையால் கல் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இனி ஏலம். எங்கள் பக்கம் ஏலம் என்றால் வங்கியில் மீட்காமல் போன அடகு நகை ஏலம்தான், மச்சான் சொல்வது வேறு கணக்கு. கடைசிக் கேள்வி 100 பவுண்ஸில் நின்று சுத்தியல் விழுகிறது, வாங்குபவர் கமிஷன் 25 வீதம், விற்பவர் கமிஷன் 15 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கமிஷனுக்கும் 20 வீத வரியும் சேர்ந்தால் வாங்குகிறவர் 130 கட்டுவார், உங்கள் கைக்கு 82 வரும், அதிலும் படம் எடுத்த கூலி, காப்புறுதி, தபால் எல்லாம் கழியும். சாதாரணப் பின்களைத் தனியாகப் போடவும் மாட்டார்கள், பத்துப் பதினைந்தை ஒரே லாட்டாகச் சேர்த்து விற்றுவிடுவார்கள். நல்ல கல்லோ, பெயர் பெற்ற கடையின் முத்திரையோ இல்லாவிட்டால் லண்டன் ஏலம் உங்களுக்கு லாபமில்லை என்பதே என் எண்ணம்.

1978 சூறாவளியும் 2004 கடலும் நம் வீடுகளில் படங்களை விட்டுவைக்கவில்லை. அப்படியும் அப்பப்பா கோட்டும் டையுமாக நிற்கிற படம் எந்த மாமியிடமாவது இருந்தால் பிரதி எடுத்துப் பின்னோடு வையுங்கள், ஏல விலை அதனால் ஏறாது, ஆனால் உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். பின்னின் தலையைப் பின்பக்கமிருந்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மச்சானிடம் அந்த ஏலக்காரரின் கமிஷன் விபரத்தையும், இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று ஒரு குறைந்த விலை குறித்து வைக்க முடியுமா, விலை போகாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.