அம்பாசடரில் புது பிரேக் ஷூ போட்டதும் பின் டிரம் ஏன் ஏற மறுக்கிறது?

டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புச் சட்டி. பிரேக்கை மிதித்தால் உள்ளே இருக்கும் பிறை வடிவ ஷூ இரண்டும் விரிந்து அதன் சுவரில் உரசும், வண்டி நிற்கும்.

பழைய ஷூ தேயத் தேய, அட்ஜஸ்டரைத் திருகி அதை வெளியே தள்ளிக்கொண்டே வந்திருப்பார்கள். அதே நிலையில் தடித்த புது ஷூவை மாட்டினால் டிரம் எப்படி ஏறும்? பாதி விரிந்த குடையை உறைக்குள் திணிக்கிற கதைதான். அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்துங்கள். பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும். உவரி மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊர் வண்டி என்றால் அட்ஜஸ்டர் துருவேறி இறுகியிருக்கும். முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங்கில் மட்டும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

அப்புறமும் ஏறவில்லையா? முன் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுக் கேபிளைப் பாருங்கள். அது விறைப்பாகவே இருந்தால் ஷூ முழுசாகச் சுருங்காது. பழைய டிரம்மின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் மேடு தட்டும். அதுவும் ஷூவில் இடிக்கும், லேத்தில் எடுக்கலாம். சுத்தியலால் அடித்து ஏற்றுவது மட்டும் வேண்டாம்.

இறுக்கமாக இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். தவறு: உரசிக்கொண்டே ஓடினால் டிரம் சூடேறி, மாஞ்சோலை மலை இறக்கத்தில் பிடிமானம் குறைந்துதான் போகும்.