நிழலுக்குக் கோல் போடத் தெரியுமா?

கேள்வி: அர்ஜென்டினாவின் ஏஞ்சல் டி மரியாவை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்? பாதி நாள் காயம், மீதி நாள் மெஸ்ஸியின் நிழல். அவ்வளவுதானே அவர் கதை?

பதில்: காயம் உண்மைதான். ஆனால் அந்தக் காயக் கணக்கை நீங்களே ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியை அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தொடைக் காயத்தால் டி மரியா இறங்கவே இல்லை. 2015 கோப்பா அமெரிக்கா இறுதியில் 29-வது நிமிடத்திலேயே வெளியே வந்துவிட்டார். 2016 கோப்பா இறுதியில் காயத்திலிருந்து முழுதாகத் தேறாமல் இறங்கி, 57-வது நிமிடத்தில் திரும்பினார். மூன்று ஆட்டங்களும் கூடுதல் நேரம் வரை இழுத்தன. ஆக மொத்தம் 360 நிமிடம். அதில் அர்ஜென்டினா போட்ட கோல்? பூஜ்யம். அந்த 360 நிமிடமும் மெஸ்ஸி களத்தில்தான் இருந்தார்.

இப்போது மறுபக்கம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதி, நைஜீரியாவுக்கு எதிராக 1-0. கோல் டி மரியா. 2021 கோப்பா அமெரிக்கா இறுதி, மரகானாவில் பிரேசிலுக்கு எதிராக 1-0. கோல் டி மரியா. சக வீரர் டி பால் தூக்கிப் போட்ட நீளப் பந்தை ஓடிப் பிடித்து, கோல்கீப்பர் எடர்சனின் தலைக்கு மேலே பூப்போலத் தள்ளிவிட்டார். 1993-க்குப் பிறகு அர்ஜென்டினாவின் சீனியர் அணிக்கு ஒரு பெரிய கோப்பை அப்போதுதான் கிடைத்தது. 2022 ஜூனில் வெம்ப்ளியில் இத்தாலியை 3-0 என்று வென்றபோதும் அதில் ஒன்று அவருடையது. அதே ஆண்டு டிசம்பரில் உலகக் கோப்பை இறுதியிலும் ஒன்று. நிழல் இவ்வளவு வேலை பார்க்குமா?

2014 இறுதியில் அர்ஜென்டினா முன்கள வீரர் ஹிகுவாயின் தனியாக நின்று பந்தை வெளியே அடித்ததற்கு டி மரியா என்ன செய்வார் என்று நீங்கள் மடக்கலாம். நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாளின் காலையில் நடந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். காயத்தோடு விளையாடக் கூடாது என்று அவருடைய கிளப்பான ரியல் மாட்ரிடிடமிருந்து கடிதம் வந்தது. படிக்காமலே கிழித்துப் போட்டார். அப்புறம் பயிற்சியாளர் சபேயாவிடம் போய்ப் பேச முயன்று, பேச்சு வராமல் அழுதார். அவருக்குப் பதில் இறங்கியது என்ஸோ பெரெஸ்.

2022 உலகக் கோப்பை இறுதிக்கு, லுசைலில் பிரான்ஸுடன் ஆடிய ஆட்டத்துக்கு வருவோம். அதற்கு முந்தைய மூன்று நாக் அவுட் ஆட்டங்களில் நெதர்லாந்துக்கு எதிராகக் கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. எல்லோரும் அவரை வலப்பக்கம் எதிர்பார்க்க, பயிற்சியாளர் ஸ்கலோனி இடப்பக்கம் நிறுத்தினார். அவரைத் துரத்த வேண்டிய வேலை பிரான்ஸின் முன்கள வீரர் டெம்பெலே தலையில் விழுந்தது. தற்காப்பு டெம்பெலேவுக்குப் பழக்கமில்லாத தொழில். டி மரியா உள்ளே வெட்டித் திரும்பினார், டெம்பெலே இடறினார், பெனால்டி. மெஸ்ஸி அடித்தார். 36-வது நிமிடத்தில் ஐந்தாறு தொடுதலில் பந்து மைதானத்தையே கடந்து வந்து சேர, இரண்டாவது கோல், டி மரியாவுடையது. அடித்த கையோடு அழத் தொடங்கிவிட்டார்; ஆட்டம் இன்னும் பாதிகூட முடியவில்லை. அந்த முதல் பாதி முழுக்க பிரான்ஸ் கோலை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. 64-வது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். 80, 81-வது நிமிடங்களில் பிரான்ஸின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது உங்களுக்குத் தெரியும். அந்த மாற்றத்துக்காக ஸ்கலோனியை நான் இன்னும் மன்னிக்கவில்லை, கோப்பை கிடைத்த பிறகும்.

இந்த மனிதருக்கு ஊரில் வைத்த பெயர் ‘ஃபிதேயோ’. நம் சமையலறைச் சொல்லில் சேமியா. அத்தனை ஒல்லி. பிறந்தது 1988-ல், ரொசாரியோவில். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. டாக்டர்தான் கால்பந்தில் விடுங்கள் என்றார். அப்பாவுக்குக் கரி வியாபாரம். வீட்டுச் சுவர்கள் கருத்துக் கிடக்க, பிள்ளைகளும் கரியை மூட்டை கட்டினார்கள். அம்மா பழைய சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு பயிற்சிக்குக் கூட்டிப் போவார். ரொசாரியோ சென்ட்ரல் கிளப் பையனை எடுத்துக்கொள்ள, பழைய குட்டிக் கிளப்புக்குக் கிடைத்த விலை சில பத்துக் கால்பந்துகள். பதினாறு வயதாகியும் எதுவும் கூடிவராதபோது அப்பா கெடு வைத்தார்: இன்னும் ஒரு வருஷம் ஆடு, சரிப்படாவிட்டால் கரிக்கடைக்கு வா. அது ஜனவரி. அதே 2005 டிசம்பரில் சென்ட்ரலின் முதல் அணியில் இறங்கிவிட்டார்.

2014-ல் மான்செஸ்டர் யுனைடெட் இதே பையனுக்குக் கிட்டத்தட்ட 6 கோடி பவுண்ட் கொடுத்தது. ஒரே சீசனில் பிரிந்தார்கள். அங்கே அவர் சோபிக்கவில்லை, இதில் வாதமே இல்லை. ஆனால் அங்கே போவதற்கு மூன்று மாதம் முன்பு, ரியல் மாட்ரிடுக்காக, லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியின் 110-வது நிமிடத்தில், எல்லோருக்கும் கால் பின்னிக்கொண்டிருந்த நேரத்தில், எதிரணி அட்லெட்டிகோ தற்காப்பைக் கிழித்துக்கொண்டு ஓடி அவர் அடித்த பந்து கோல்கீப்பர் மேல் பட்டு எழும்பித்தான் சக வீரர் பேலின் தலைக்குப் போனது. கோல் பட்டியலில் பேல் பெயர்தான் இருக்கும். ஆட்ட நாயகன் விருதை டி மரியாவுக்குக் கொடுத்தார்கள்.

2024 கோப்பா அமெரிக்காவையும் வென்றுவிட்டு, 145 ஆட்டம், 31 கோலோடு தேசிய அணியை விட்டார். ரொசாரியோவுக்குத் திரும்ப ஆசை. அங்கே அவர் குடும்பத்துக்குக் கொலை மிரட்டல் வந்ததால் தள்ளிப் போட்டு, 2025-ல்தான் சென்ட்ரலுக்கு வந்தார். வந்த சில வாரத்தில் பரம எதிரி நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸை ஒரு ஃப்ரீ கிக்கில் 1-0 என்று கவிழ்த்தார். நியூவெல்ஸ் யாருடைய சிறுவயதுக் கிளப் தெரியுமா? மெஸ்ஸியுடையது. ‘நிழல்’ என்ற உங்கள் கருத்தைச் சென்ட்ரல் ரசிகர்கள் நடுவே போய்ச் சொல்லிப் பாருங்கள். நான் துணைக்கு வர மாட்டேன்.