உப்புவெளி வீட்டுப் பின்கதவுக்குப் படி

பின்கதவு மணலில் இருந்து 28 அங்குல உயரம், பலகையால் நீங்களே மூன்று படி அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடிக்கலாம். ஆனால் கடலுக்கு இவ்வளவு கிட்ட ஆணியை உப்புக்காற்று தின்னும், மண்ணில் முட்டும் பலகையைக் கறையான் தின்னும். நானென்றால் சீமெந்துக் கல்லில்தான் கட்டுவேன்.

கணக்கு சுலபம். 28ஐ நான்காகப் பிரித்தால் ஏற்றம் 7 அங்குலம். நான்காவது ஏற்றம் வீட்டுத் தரையில் முடிவதால் கட்ட வேண்டியது மூன்று படிதான். மிதிக்கும் அகலம் 11 அங்குலம் வையுங்கள். கீழே பிறகு கல் பதிக்கும் எண்ணம் இருந்தால் அந்த உயரத்தை இப்போதே கழித்துவிடுங்கள். ஒரு படி மட்டும் கூடிக் குறைந்தால் இரவில் கட்டாயம் கால் தடுக்கும்.

உங்கள் இடத்தில் பெரிய வேலை அடித்தளம்தான். ஒரு அடி தோண்டி, தண்ணீர் விட்டு மணலை நன்றாக இடித்து இறுக்குங்கள். அதன்மேல் 4 அங்குலக் கொங்கிரீட்: சீமெந்து 1, மணல் 2, சல்லி 4. கரையில் சும்மா கிடக்கிறதே என்று கடல்மணலை அள்ளிப் போடாதீர்கள், ஆற்றுமணலே வேண்டும். படியைச் சுவரோடு பிணைக்காமல் சின்ன இடைவெளி விடுங்கள். படி கொஞ்சம் இறங்கினாலும் சுவர் வெடிக்காது.

ஒவ்வொரு படியும் முன்பக்கம் கால் அங்குலம் சரியட்டும், தண்ணீர் நிற்காது. மேற்பூச்சைத் தும்புத்தடியால் கீறிச் சொரசொரப்பாக்குங்கள். டைல்ஸ் வேண்டாம், மழையில் வழுக்கும். அப்புறம் ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள். ஒக்டோபர் மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.