ஹைட்ரஜனைப் பிடித்து இழுங்கள்

அன்புள்ள ஐயா,

குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் இருக்கிறேன். ஹைட்ரஜன் அணு வரை எல்லாம் புரிந்தது. பல எலக்ட்ரான்கள் கொண்ட மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிடும் அடிப்படை முறையான ஹார்ட்ரி-ஃபாக் வந்ததும் தடுமாறிவிட்டேன். மென்பொருளில் மூலக்கூற்றைக் கொடுத்தால் ஆற்றல் வந்துவிடுகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கணிதத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் வரவேண்டுமா? அல்லது, எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் டிஎஃப்டி முறையைத்தான் எல்லோரும் போடுகிறார்கள், நேராக அதற்கே போய்விடலாமா?

ர.

அன்புள்ள ர.,

இரண்டும் வேண்டாம். கணிதத்தை முடித்துவிட்டு வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இப்போதைக்கு நேரியல் இயற்கணிதமும் மாறுபாட்டுத் தத்துவமும் (எந்த அலைச்சார்பை ஊகித்தாலும் ஆற்றல் உண்மை மதிப்புக்குக் கீழே போகாது என்பது) போதும். குலக்கோட்பாடு, இரண்டாம் குவாண்டமாக்கல் எல்லாம் அப்புறம்.

ஹைட்ரஜன் மூலக்கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1927இல் ஹைட்லரும் லண்டனும் தொடங்கிய இடமும் அதுதான். அணுக்கருக்களுக்கிடையே 1.4 போர் (அணு அளவிலான நீள அலகு) தூரம். ஆர்பிட்டால்களைக் கட்ட எஸ்டிஓ-3ஜி என்ற பேசிஸ் செட், அதாவது சார்புகளின் தொகுப்பு; அதில் அணுவுக்கு ஒரே சார்பு. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதைக் கணக்கிடும் இரண்டு-எலக்ட்ரான் தொகையீடுகள் 16 வரும், சமச்சீரைக் கவனித்தால் வெவ்வேறு மதிப்புகள் நான்குதான். எல்லாம் காஸியன் சார்புகள் என்பதால் வாய்ப்பாடுகளைக் கையாலேயே வருவிக்கலாம். நிரல் எழுதி ஓட்டினால் மொத்த ஆற்றல் -1.1167 ஹார்ட்ரி (ஆற்றலின் அணு அலகு) என்று வரவேண்டும். (இங்கே ஆர்பிட்டாலைச் சமச்சீரே தீர்மானித்துவிடுவதால் விடை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும் தன்னிசைவுச் சுழற்சிக்கு வேலையே இல்லை. அதைப் பார்க்க ஹீலியம் ஹைட்ரைடு அயனிக்குப் போகவேண்டும்.)

சரி, இப்போது அணுக்களை இழுங்கள். 5 போர், 20 போர், 100 போர். ஆற்றல் இரண்டு தனி ஹைட்ரஜன் அணுக்களின் ஆற்றலில், அதாவது -1 ஹார்ட்ரியில், போய் நிற்கவேண்டும். நிற்காது. -0.55 பக்கம் போய்விடும். காரணத்தை மென்பொருள் சொல்லாது, அலைச்சார்பை விரித்து எழுதிப் பார்த்தால் தெரியும். இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே ஆர்பிட்டாலில் அடைத்திருக்கிறோம். அதனால் அணுக்கள் எவ்வளவு விலகினாலும், இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே அணுவில் உட்கார்ந்திருக்கும் நிலைக்குப் பாதிப் பங்கு போய்க்கொண்டே இருக்கிறது.

எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்களையும் வைத்த அணிக்கோவை வடிவ அலைச்சார்பு ஒன்றைக் கூடச் சேருங்கள். வெறும் 2×2 அணி. இப்போது -0.93இல் போய் நிற்கும். மூலக்கூறு ஒழுங்காகப் பிரிந்துவிட்டது. பின்னே அந்த 0.07 எங்கே போயிற்று? அது முறையின் குற்றமில்லை. மூலக்கூற்றுக்கு ஏற்றபடி சுருக்கிவைத்த சார்பு தனி அணுவுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். முறையால் வரும் பிழை எது, பேசிஸ் செட்டால் வரும் பிழை எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட மலிவான பயிற்சி எனக்குத் தெரியாது. பெரிய மூலக்கூறுகளில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி நல்ல எண்ணாக வந்து நிற்கும், நாமும் சந்தோஷமாக அட்டவணையில் போட்டுவிடுவோம்.

டிஎஃப்டிக்கு வருவோம். அதன் அடிப்படையான, 1965இல் வந்த கோன்-ஷாம் சமன்பாடுகளைப் பேசிஸ் செட்டில் எழுதினால், ஹார்ட்ரி-ஃபாக்குக்கு ரூதானும் ஹாலும் 1951இல் தந்த அதே அணிச் சமன்பாட்டு வடிவம்தான். எக்ஸ்சேஞ்ச் (பரிமாற்றப் பதம்) இருந்த இடத்தில் எக்ஸ்சேஞ்ச்-கோரிலேஷன் ஃபங்ஷனல், அதாவது அடர்த்தியிலிருந்து ஆற்றலைத் தரும் சூத்திரம், வரும். ஹார்ட்ரி-ஃபாக்கைத் தானே எழுதியவருக்கு இதில் பாதி வேலை முடிந்த மாதிரி. அதே ஹைட்ரஜனை, இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே ஆர்பிட்டாலில் வைத்தபடி, பி3லிப் என்ற ஃபங்ஷனலிலும் இழுத்துப் பாருங்கள். அதுவும் தப்பாகத்தான் பிரியும். பிணைப்பு உடையும் வினைக்கு யாராவது கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டால் கேள்வி கேட்க உங்களுக்கு வாயிருக்கும்.

இன்னும் துல்லியமான கப்பிள்டு கிளஸ்டர் முறைக்கு அவசரமில்லை. அதில் பலரும் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் வடிவமான சிசிஎஸ்டி(டி)யில் மூலக்கூறு இருமடங்கானால் நேரம் ஏறத்தாழ 128 மடங்காகும். அது எங்கிருந்து வருகிறது என்பதைத் தொகையீடுகளை எண்ணிப் பழகியபின் படித்தால் எளிது.

உங்கள் எண்ணை இலவசமாகக் கிடைக்கும் பைஎஸ்சிஎஃப் என்ற மென்பொருளில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அது வழக்கமாகத் தூரத்தை ஆங்ஸ்ட்ராமில் எடுத்துக்கொள்ளும். 1.4 என்று அப்படியே கொடுத்துவிட்டு நிரலில் பிழை தேடிக்கொண்டிருக்க வேண்டாம், போர் என்று சொல்லிக் கொடுங்கள்.